இலை அடைத்த குழாய்

நீ உருட்டிக் கொடுத்த காகிதக் குழாய்க் கட்டு இன்னும் என் ஜன்னலில்தான் கிடக்கிறது. நேற்று அதில் ஒரு குழாயின் வாய் பச்சை இலையால் அடைபட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கறுத்த தடித்த வண்டு ஒன்று வட்டமான இலைத்துண்டைக் கவ்வி வந்து பக்கத்துக் குழாய்க்குள் நுழைந்தது. உன் வண்டு. எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

அப்போது நாம் ஒன்பதாம் வகுப்பு. நீங்கள் வீட்டில் உருட்டிய குழாய்களை வெடிக் கம்பெனிக்கு எடுத்துப்போக வந்த ஏஜெண்ட் உங்கள் வாசலில் கத்திக்கொண்டிருந்தார். "எவடி இதுக்குள்ள எலையத் திணிச்சது? மருந்த எங்கன போடுறது, உங்க தலையிலயா?"

"நாங்க திணிக்கல அண்ணாச்சி, ஒரு கருவண்டு கொண்டாந்து அடைக்குது" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "இவகிட்டக் கேளுங்க. புஸ்தகம் படிக்கிறவ."

வண்டு சுவரில் உட்கார்ந்திருந்தது. நூலகப் புத்தகத்தில் பார்த்த படம் போலவே இருந்தது. "இது மரத்தைத் துளைக்கிற தச்சுத் தேனீ. இலையை வெட்டவே வெட்டாது" என்றேன்.

"ஏபுள்ள, அடிவயித்தப் பாரு. மஞ்சப் பொடி அங்கன ஒட்டியிருக்கு. உத்தரத்துல ஓட்டை போடுற வண்டுக்குக் கால்லதான் இருக்கும்."

நான் குனிந்து பார்க்கவில்லை. புத்தகத்திலிருந்த படம் மேலிருந்து வரைந்தது. அதில் அடிவயிறே இல்லை.

"படிச்ச புள்ளயே சொல்லிருச்சு" என்றார் ஏஜெண்ட். உன் அம்மா எல்லார் முன்னாலும் உன்னை அறைந்தார். அதோடு உங்கள் வீட்டுக்குக் குழாய் வேலை வருவது நின்றது. சீசன் தொடங்கியதும் அம்மாவோடு நீயும் கம்பெனிக்குப் போனாய். வாசலில் உனக்குப் பதினெட்டு வயது என்று சொல்லச் சொன்னார்களாம். வண்டைப் பற்றி நீ சொன்ன உண்மையை நம்பாத ஊர், அந்தப் பொய்யை மறுபேச்சில்லாமல் நம்பியது. தீபாவளிக்கு முன்பே நீ இருந்த அறை வெடித்துவிட்டது.

உன் மேலும் எனக்குக் கோபம். அம்மாவிடம் அடி வாங்கிய அன்று சாயங்காலமே இந்தக் குழாய்க் கட்டைக் கொண்டுவந்து, "பேனா வச்சுக்கோ" என்று சிரித்தாய். "அந்த வண்டு உன் புஸ்தகத்தப் படிக்கலபோல, அதான் தப்புத் தப்பாப் பண்ணுது." ஏன் சிரித்தாய்? என்னையும் ஒன்று அறைந்திருக்கலாமே.

நேற்று வந்த வண்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கால்கள் வெறுமையாக இருந்தன. அடிவயிறு முழுக்க மஞ்சள். இலைவெட்டித் தேனீ.

அடைத்த குழாயை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்குப் போனேன். ஏஜெண்ட் பைக்கில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "அவ பொய் சொல்லல. நாந்தான் தப்பாச் சொன்னேன்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னேன்.

"அந்தப் புள்ளயே போயிருச்சு. இப்ப எதுக்குப் பாப்பா வண்டுக் கதை?" பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

உன் அம்மா மட்டும் வந்து குழாயை வாங்கி, இலை மூடியைத் தடவிப் பார்த்தார். "இதுக்கா அவள அடிச்சேன்?" என்றார். பிறகு அதைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

என்னிடம் மிச்சம் இருப்பது மீதிக் குழாய்கள் மட்டும் இல்லை. அன்று உங்கள் வாசலில் ஒலித்த என் குரலும்தான். "வெட்டவே வெட்டாது."