பெண்களைக் கேட்காமல் ஊற்றிய மருந்து

ஆயா,

போன மாதம் பத்து பாகாட் டவுனில், நான் வழக்கமாகத் துணி போடும் சீனர் சலவைக்கடைக்கு என் வெள்ளைப் பட்டுச் சேலையை எடுத்துப் போயிருந்தேன். முந்தானையில் எண்ணெய்க் கறை. கடைக்காரர் ஒரு பழுப்புப் போத்தலை எடுத்து, துணித்துண்டில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்தார். கறை போய்விட்டது. தித்திப்பாக, மூக்குக்குள் குளிரும் ஒரு வாசனை மட்டும் கடையில் நின்றது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "அலமாக், உட்காருங்கம்மா" என்று பதறி அவர் முக்காலியை இழுத்துப் போட்டார்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நாம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த புழு மருந்தின் வாசனை அது. பெயரைக் கேட்டேன். போத்தலில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். அதேதான். பட்டில் கறை எடுக்கும் சரக்கைத்தான் நாம் மனிதர் வயிற்றில் ஊற்றியிருக்கிறோம்.

நீங்கள் இறந்துபோன செய்தி அதற்கு இரண்டு வாரம் முன்புதான் என்னிடம் வந்திருந்தது. நீங்கள் கடைசியாக வேலை பார்த்த தோட்டத்துப் பெண் ஒருத்தி பஸ்ஸில் சொன்னாள். உயிரோடு இருந்தவரை உங்களை நான் 'நீ' என்றுதான் அழைத்தேன். நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, இருவருமே தாலி இழந்தவர்கள். ஆனாலும் நான் மருந்து ஊற்றும் மிஸ்ஸியம்மா, நீங்கள் கட்டில் துடைக்கும் ஆயா. 'நீங்கள்' என்று எழுத இன்றைக்குத்தான் கை வருகிறது.

என் கணவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து காய்ச்சலில் போனபின், சிங்கப்பூர் கன்னிமாடத்தில் படித்த இங்கிலீஷும், அங்கே மதர்களிடம் கற்ற நோயாளிப் பராமரிப்பும்தான் எனக்குச் சோறு போட்டன. சிம்பாங் ரெங்கம் பக்கம், தகரக்கூரை போட்ட அந்த இருபது கட்டில் ஆஸ்பத்திரியில் எனக்குப் பெருமை ஒன்றுதான்: அளவு. மருந்துக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கோட்டைத் தொட்டதும் நிறுத்துவேன். "மிஸ்ஸியம்மா ஊத்துனா கடவுளே வந்தாலும் ஒரு சொட்டு கூடக் கேக்க முடியாது" என்று நீங்கள் நோயாளிகளிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு தோட்டத்தில் பாதிப்பேருக்குக் கொக்கிப்புழு. ரப்பர் பால்மரக் காட்டில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதத்தில் ஏறி, குடலில் தங்கி, ரத்தத்தைக் குடிக்கும் புழு. வாரம் ஒருமுறை வரும் வெள்ளைக்கார டாக்டர் அந்தப் புது மருந்தைக் கொண்டுவந்து என்னிடம் தெளிவாகச் சொன்னார். விடியற்காலை, வெறும் வயிறு. அளவு பிசகக்கூடாது. பிறகு பேதி உப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று நாளாகக் கள்ளோ சாராயமோ தொட்டவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது, ஈரல் கெட்டுப்போகும். "எல்லாரையும் கேள்" என்றார். எல்லாரையும்.

நிர்வாகம் குறித்த நாளோ, சம்பளத்துக்கு மறுநாள் வந்த ஓய்வு நாள். வேலை கெடக்கூடாது அல்லவா? சம்பளத்தன்று கள்ளுக்கடை எப்படி இருக்கும் என்று துரைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே ஆண்களின் வரிசையில் ஒருவரையும் நான் கேட்காமல் விடவில்லை.

"குடிச்சியா?"

"முருகன் சத்தியமா இல்லீங்க மிஸ்ஸி. பக்கத்துல நின்னு மோந்து பாத்தேன், அவ்வளவுதான்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் அவன் முன்னால் போய் நின்றீர்கள். "எங்க, ஊது பாப்போம்." ஊதினான். "அடேயப்பா! மோந்து பாத்ததுக்கே இந்த நாத்தமா? போடா, அடுத்த மாசம் வா." வரிசை முழுவதும் சிரித்தது. அப்படி இருபத்திரண்டு பேரைத் திருப்பி அனுப்பினோம்.

பிறகு பெண்கள் வந்தார்கள். நான் கேட்காமலேயே ஊற்றத் தொடங்கினேன். மூன்றாவது பெண்ணுக்கு ஊற்றும்போது என் காதருகே வந்தீர்கள்.

"மிஸ்ஸியம்மா, இவங்களையும் கேளுங்க."

"எதை?"

"அதத்தான். பொம்பளைங்கன்னா விட்டுட்டீங்களே. புள்ள பெத்தவளுக்குச் சுக்கு மொளகு அரைச்ச காயத்தோட பிராந்தி குடுப்பாங்க. மூணு மாசம் நாலு மாசம்னு ஓடும். அவங்க அதக் குடின்னே நெனைக்க மாட்டாங்க, மருந்தும்பாங்க. நின்னு கேட்டாத்தான் வரும்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பெண்ணை நாலு பேர் முன்னிலையில் குடித்தாயா என்று கேட்பது மானக்கேடு என்றுதான் நான் வளர்க்கப்பட்டிருந்தேன். அதைவிட, எனக்கு நீங்கள் சொல்லித்தருவதா என்பதும் இருந்தது. "குடும்பப் பொம்பளைய நிக்க வெச்சு அப்படிக் கேக்கச் சொல்றியா? உன் வாளிய நீ பாரு" என்றேன்.

நீங்கள் வாளியைப் பார்க்கப் போனீர்கள்.

ஏழாவதாகவோ எட்டாவதாகவோ நின்றவள் பாக்கியம். கைப்பிள்ளைக்காரி. குழந்தையை மாமியார் மாரியாயியிடம் கொடுத்துவிட்டு வந்து, கண்ணை இறுக்கிக்கொண்டு விழுங்கினாள். நான் ஊற்றிய அளவு சரி. அதை எந்தக் கோயிலிலும் வந்து சொல்வேன்.

மறுநாள் வாந்தியோடு அவளைக் கொண்டுவந்தார்கள். அந்த மருந்துக்குத் தலைசுற்றலும் வாந்தியும் உண்டு, அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை நீங்கள்தான் வந்து சொன்னீர்கள்: "நேத்துலேருந்து அவ ஒண்ணுக்கே போகல மிஸ்ஸியம்மா. கண்ண ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்க, மஞ்சளா இருக்கு." கட்டிலுக்கடியில் வைத்து எடுக்கும் பாத்திரத்தை வைத்தே நோயின் போக்கைச் சொல்லத் தெரிந்தவர் நீங்கள். டாக்டருக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்தபோது பாக்கியத்துக்கு நினைவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

விசாரணை வார்டு நடுவிலேயே நடந்தது. டாக்டர், துரை, புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெசர், நான். தண்ணீர் வாளியோடு நீங்கள் என் பின்னால் நின்றீர்கள். பாக்கியம் குடித்திருக்கிறாளா என்று கேட்கப்பட்டதா என்றார் டாக்டர். நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். பெண்களைக் கேட்கும் வேலையை ஆயாவிடம் விட்டிருந்தேன், அவள் செய்யவில்லை என்றேன். நல்ல இங்கிலீஷ், ஒரு பிழை இல்லை. எல்லாரும் திரும்பி உங்களைப் பார்த்தார்கள். என்ன சொன்னேன் என்று தெரியாமல், மரியாதைக்காக நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பை நினைக்காமல் நான் ஒரு நாளும் விளக்கை அணைத்ததில்லை.

நான் சொன்னதை டிரெசர் சாயந்தரம் உங்களிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் வந்து சண்டை போடுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. வேலை போய், மறுநாள் மூட்டையோடு நீங்கள் படியிறங்கும்போது மாரியாயி வழிமறித்தாள்; நீங்கள் எதையோ கேட்க மறந்தீர்கள் என்று மட்டும் அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மருந்தறை ஜன்னலுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.

"என்னாத்தடி கேக்க மறந்த? என் மருமகள முழுங்கிட்டியே, என்னாத்தக் கேக்க மறந்த?"

நீங்கள் மூட்டையை அடுத்த கைக்கு மாற்றினீர்கள். பிறகு, "வெறும் வயித்தோட வந்தியான்னு கேக்க மறந்துட்டேன் ஆத்தா. என் தப்புதான்" என்றீர்கள். அவள் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி உங்கள் மேல் தூற்றினாள். நீங்கள் துடைக்காமல் நடந்தீர்கள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. மூளை இல்லாதவள், எது கேட்க வேண்டிய கேள்வி என்றுகூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், அப்போதும் அப்படித்தான் நினைத்தேன்.

அதன்பின் நான் பெண்களைக் கேட்டேன். வரிசைக்கு முன்னால் ஒரு துணித்தடுப்புக் கட்டி, ஒவ்வொருத்தியையும் தனியாக உள்ளே அழைத்து, "காயத்தோடு என்ன கலந்து குடிக்கிறாய்?" என்று கேட்டேன். பதினொரு பேர் பிராந்தி என்றார்கள். டாக்டர் என்னை மெச்சினார். பக்கத்துத் தோட்டங்களிலும் அந்தத் தடுப்பைக் கட்டினார்கள். யார் சொல்லித்தந்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

நாலு வருஷம் கழித்து சிம்பாங் ரெங்கம் சந்தையில் பார்த்துக்கொண்டோம். நான்தான் கண்டும் காணாததுபோல் திரும்பினேன். நீங்கள் கருவாட்டுப் பொட்டலத்தோடு ஓடி வந்தீர்கள்.

"மிஸ்ஸியம்மா! இப்ப பொம்பளைங்களையும் கேக்குறீங்களாமே?"

"கேக்குறேன்."

"அது போதும்" என்றீர்கள். அத்தோடு நிற்காமல், "எளச்சுட்டீங்க, கஞ்சியாவது நேரத்துக்குக் குடிங்க" என்றும் சொன்னீர்கள். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

சலவைக்கடையிலிருந்து வந்த மறுநாள், தோட்டத்துக்குப் புறப்பட்டேன். உங்களிடம் சொல்ல முடியாததை மாரியாயியிடமாவது சொல்லிவிட வேண்டும், அந்தத் தொழிலாளர் லயத்தில் உங்கள் பெயரிலிருந்து அந்த மண்ணைத் தட்ட வேண்டும் என்று. ஆயா என்னைக் கேட்கச் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை, பாக்கியம் குடித்த பிராந்தியும் என் மருந்தும் சேர்ந்துதான் அப்படி ஆயிற்று. பஸ்ஸில் வழியெல்லாம் இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாரியாயிக்கு இப்போது கண் மங்கல். பேத்தி பால் வெட்டப் போயிருந்தாள். என்னைக் குரலால் அடையாளம் கண்டு, பாயை விரித்து, நான் வாயைத் திறக்குமுன் அவளே பாக்கியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"பொண்ணு மாதிரி பாத்தேன் மிஸ்ஸி. புள்ள பெத்த ஒடம்புன்னு, ஒரு நாள் விடாம என் கையால காயம் அரைச்சு, பிராந்தி ஊத்திக் குடுத்தேன். மருந்து குடிக்கப்போற அன்னிக்கு விடியக்காலைலகூட, வெறும் வயித்துல போறாளேன்னு ஒரு மொடக்கு குடுத்துத்தான் அனுப்பினேன். நான் ஒரு கொறையும் வெக்கல. அந்த ஆயா சிறுக்கிதான்…"

அப்போதுதான் புரிந்தது ஆயா. டிரெசர் சொன்ன சாயந்தரமே, பிராந்தி ஊற்றிய கை யாருடையது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உண்மையான கேள்வி எது என்று நீங்கள் சொல்லியிருந்தால், இந்தக் கிழவி தன் கையைப் பார்த்துக்கொண்டே இத்தனை வருஷம் இருந்திருப்பாள். அதனால் வேறு ஒரு கேள்வியைச் சொல்லி, மண்ணை உங்கள் மேல் வாங்கிக்கொண்டீர்கள்.

நான் சொல்லிப் பார்த்து வந்த வார்த்தை ஒன்றும் இனி உதவாது. சொன்னால் உங்கள் பெயர் சுத்தமாகும், நீங்கள் காப்பாற்றியது போய்விடும். சும்மா திரும்பினால் நான் மறுபடியும் அதே ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறேன்.

"ஆயா எல்லாம் கேட்டா மாரியாயி" என்றேன். "வயிறு வெறும் வயிறான்னும் கேட்டா. அவ மேல தப்பே இல்ல. நான்தான் அளவு தப்பா ஊத்திட்டேன். ஒண்ணுக்கு ரெண்டா. எனக்கு வேலை போயிடும்னு அவ தன் மேல போட்டுக்கிட்டா."

அவள் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நீயா?"

அதுவரை அவள் என்னை 'நீ' என்றதில்லை.

"நானே."

"அந்தப் புண்ணியவதி மேல மண்ண வாரிப் போட்டேனே! இத்தன வருசமா நீ எப்படிடி சோறு தின்ன?" பாயைக் கையால் தடவி, நான் உட்கார்ந்திருந்த முனையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரி. எந்திரிச்சுப் போ."

எழுந்து வந்தேன். வாசலில் கூடியிருந்த பெண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தி மற்றவளிடம், "அளவு தெரியாத மிஸ்ஸியாம்டி" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. திரும்பிப் போய், வாழ்நாளில் ஒரு சொட்டுகூட நான் பிசகியதில்லை என்று சொல்லத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டு மெயின் ரோடுவரை நடந்தேன்.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. உங்களுக்குச் சேர வேண்டிய உண்மை இந்தக் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. படிக்கத் தெரியாத உங்களுக்கு எழுதியிருக்கிறேன், அதுவும் நீங்கள் போன பிறகு.

போன வாரம் அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். அங்கே இப்போது பேச்சு மாறிவிட்டதாம், ஆயா நல்லவளாம், மிஸ்ஸிதான் காரணமாம். "பொய்தானே மிஸ்ஸியம்மா? உங்க அளவு தப்புமா? சொல்லுங்க, நான் போய் எல்லார் வாயையும் அடைக்கிறேன்" என்றார்.

அன்றைக்கு அளவு தப்பியது என்றேன்.