காலை ஏழு மணிக் கையெழுத்து

ஜனவரி 9

சின்னவளின் அம்மாவுக்கு,

நலம். நீ கையெழுத்திட்டு அனுப்பிய விவாகரத்து மனு கோர்ட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டது. திருமணப் பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். "சார், உங்க வீட்டம்மா சின்னப் பிள்ளை யாரையாவது விட்டுப் போட வெச்சாங்களா?" என்று வக்கீல் கேட்கிறார். நீ ஓவிய ஆசிரியை. உன் கோடு கோணுமா? சேர்ந்து பேசித்தானே முடிவெடுத்தோம்? எனக்காக ஒருத்தி காத்திருப்பதும் உனக்குத் தெரியும். இழுத்தடிக்காதே. இத்துடன் புதுத் தாள் வைத்திருக்கிறேன்.

சின்னவளின் அப்பா

ஜனவரி 15

சின்னவளின் அப்பாவுக்கு,

உங்களை இழுத்துப் பிடிக்க என்னிடம் கயிறும் இல்லை, இப்போது கையும் இல்லை.

அது என் கையெழுத்துதான். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், காலை ஏழு மணிக்குப் போட்டது. நாலைந்து மாதமாக விடியும்போது விரல்கள் மடங்குவதில்லை. பத்து மணியானால்தான் வழிக்கு வருகின்றன. பால் பாத்திரத்தைச் சின்னவள்தான் இறக்குகிறாள். தலையும் அவளே பின்னிக்கொள்கிறாள்.

தெருமுனை டாக்டரிடம் மூன்று முறை போனேன், எல்லாம் சாயங்காலம். நான் தற்காலிக ஆசிரியை. காலையில் போனால் அன்றைய சம்பளம் போச்சு. சாயங்காலமானால் என் கை விருந்தாளி முன்னால் நிற்கும் பிள்ளைபோல் சமர்த்தாகிவிடும். "மூடித் திறங்க" என்றார். திறந்தேன். "நாற்பது தாண்டினா இதெல்லாம் வரும்மா" என்று கால்சியம் எழுதிக்கொடுத்தார். அதற்குமேல் யாரிடமும் சொல்லவில்லை. வலியைச் சொன்னால் இரக்கம் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது.

புதுத் தாளை இடைவேளையில் போட்டு அனுப்புகிறேன்.

சின்னவளின் அம்மா

ஜனவரி 21

சின்னவளின் அம்மாவுக்கு,

இழுத்தடிப்பு என்று எழுதியிருக்கக் கூடாது. அந்தக் கோணல் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். டாக்டரிடம் காட்டு. காலையிலேயே போ. ஒருநாள் சம்பளத்தை நான் தருகிறேன் என்றால் கோபம் வரும் உனக்கு. வரட்டும்.

சின்னவளின் அப்பா

பிப்ரவரி 18

சின்னவளின் அப்பாவுக்கு,

கோபம் வந்தது. ஆனாலும் லீவு போட்டுப் போனேன். தாளைப் பார்த்த டாக்டர் கைகுலுக்குவதுபோல் என் விரல் மூட்டுகளைச் சேர்த்து அழுத்தினார். நான் போட்ட கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் டாக்டர். சாயங்காலம் சொன்னேன்."

ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மூட்டு நிபுணரிடம் அனுப்பினார். முடக்குவாதமாம். குணமாகாது, அடங்கும், இப்போதே தொடங்கினால் விரல்கள் கோணாது என்கிறார். வாரம் ஒரு மாத்திரை, அதற்கு என் சம்பளம் தாங்கும். அடிக்கடி எடுக்கும் பரிசோதனைகளுக்குத் தாங்காது. மாத்திரை கேட்காவிட்டால் ஊசி. ஒரு ஊசி என் ஒரு மாதச் சம்பளம். எண்ணி மூன்று நாள்தான் லீவு எடுத்தேன், அதற்கே சின்னவளின் பள்ளிக் கட்டணம் பாக்கி விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கவுண்ட்டரில் இருந்த பெண், "வீட்டுக்காரர் ஆபீஸ்ல காப்பீடு இருக்காக்கா?" என்றாள். இருக்கிறது, விவாகரத்து ஆகும்வரை மனைவி என்ற இடத்தில் என் பெயர்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மனு இத்துடன் இருக்கிறது. பதினொரு மணிக்குப் போட்டது. உங்கள் வக்கீலுக்குப் பிடிக்கும்.

சின்னவளின் அம்மா

மார்ச் 2

சின்னவளின் அம்மாவுக்கு,

கையெழுத்து அச்சாக இருக்கிறது. வக்கீலிடம் கொடுக்கவில்லை.

எனக்காகக் காத்திருப்பவளிடம் சொன்னேன். இரண்டு நாள் என் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், "கல்யாணத்துக்கு அவசரம்னு நானா சொன்னேன்? நீங்கதானே பறந்தீங்க" என்றாள். இத்துடன் காப்பீட்டு அட்டையின் நகல் வைத்திருக்கிறேன். கவுண்ட்டர் பெண்ணுக்குப் பதில் சொல்லிவிடு.

சின்னவளின் அப்பா

மார்ச் 10

அன்புள்ளவருக்கு,

அட்டையைக் காட்டினேன். "வீட்டுக்காரர் வரலையாக்கா?" என்றாள். "வேலை" என்றேன். பொய்யில்லை.

உங்கள் பெயரைக் கொஞ்ச காலம் கடன் வாங்கிக்கொள்கிறேன். அவளைக் காக்க வைப்பது எனக்கும் உறுத்துகிறது, கேட்டதாகச் சொல்லுங்கள். திரும்ப ஒன்று சேர்வதற்கான சாக்காக இதை நீங்களும் நினைக்க வேண்டாம், நானும் நினைக்கவில்லை.

அந்தப் பதினொரு மணித் தாளைக் கிழித்துவிடுங்கள். ஒருநாள் காலை ஏழு மணிக்குப் போட்டு அனுப்புவேன். அது பதிவில் உள்ள பழைய கையெழுத்தோடு பொருந்தினால், என்னைக் கேட்காமல் நேராக வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.

சின்னவளின் அம்மா