மாமி சொன்ன சாதி

மாமி,

பூச்சி உருண்டை மணம் இன்னும் போகவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள் என்று உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சேலை மடிப்புக்குள் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். பெற்றவள் நான், ஆனாலும் என்னை நம்பித் தரவில்லை பாருங்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

பிள்ளையின் பிறப்பைப் பதிய நாம் இரண்டு பேரும் ஹட்டனுக்குப் போனோமே, அது உங்களுக்கு விருப்பமான பயணமா என்ன? உங்கள் மகனுக்குக் கொழும்புக் கடையில் லீவு கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் வந்தீர்கள். சாதி விட்டுச் சாதி வந்த மருமகள் என்று, இரண்டு வருடம் என் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர் நீங்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் நமக்கிருந்த ஒற்றை அறைக் காம்பராவில் உங்களுக்குத் தனிச் சட்டி, தனி அடுப்பு. நோட்டன் பிரிட்ஜில் பஸ் ஏறியதும் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்தீர்கள். பிள்ளையை மட்டும் வாங்கி மடியில் போட்டுக்கொண்டீர்கள்.

பதிவுக் கந்தோரில் நம் தோட்டத்து ஆட்கள் ஐந்தாறு பேர் நின்றார்கள். அதில் உங்கள் நாத்தனாரும் ஒருவர். அங்கிருந்த சிங்கள ஐயாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். பாரத்தை நிரப்பிக்கொண்டே, தலை நிமிராமல், "ஜாதிய?" என்றார். தாளில் சாதி எழுதுவார்கள் என்று யாருமே சொல்லவில்லையே! பிள்ளையாவது தப்பிக்கட்டும் என்று உங்கள் சாதியைச் சொல்ல வாயெடுத்தேன். அதுவும் குசுகுசுவென்று.

அதற்குள் நீங்கள் மேசையில் கை ஊன்றிவிட்டீர்கள்.

"புள்ளயோட அம்மா சாதியப் போடுங்க ஐயா. சுமந்து பெத்தவ அவதானே."

அதோடு நிறுத்தினீர்களா? அவருக்கு விளங்கவில்லையோ என்று என் சாதிப் பெயரை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி உரக்கச் சொன்னீர்கள். நாத்தனார் முகம் சுண்டிப் போனது.

ஐயா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அவர்கள் மொழியில் ஜாதிய என்றால் இனமாம். தமிழா, சிங்களமா என்றுதான் கேட்டாராம். இந்தியத் தமிழர் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

சாதிக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நீங்கள் அங்கேயே சமாளித்திருக்கலாம். நாத்தனார் அதற்கு வழியும் விட்டார், அண்ணிக்கு விளங்கவில்லை பாவம் என்று. நீங்கள் திரும்பிப் பார்த்து, "வெளங்கித்தான் சொன்னேன்" என்றீர்கள். வெளியே வந்ததும், கத்திக் கத்தித் தொண்டை காய்ந்துவிட்டது என்று என் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் குடித்தீர்கள். நான் கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்களும் கவனிக்காத மாதிரி இருந்தீர்கள்.

அந்த வருடத் திருவிழாவில் பால்குடம் எடுக்க உங்கள் ஆட்கள் உங்களைக் கூப்பிடவில்லை. உங்களுக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். ஒரு நாளாவது அந்தப் பழியை என் தலையில் போட்டிருக்கிறீர்களா? உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தத் தைரியம் எனக்கு வந்திருக்காது, சத்தியமாக. உங்களை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

போன தை மாதம் உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது, உங்கள் நாத்தனார் என் கையிலிருந்த செம்பை வாங்கப் பார்த்தார். "எங்க மாமிக்கு நான்தான் ஊத்துவேன்" என்றேன். வெளியூரிலிருந்து வந்த உறவுக்கார அம்மா ஒருவர், இந்தப் பிள்ளை என்ன ஆளு என்று பக்கத்தில் விசாரித்தார். என் சாதியை நானே சொன்னேன். சொல்லிவிட்டு உங்கள் தலைமுடியை அலசினேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். என் அம்மா வீட்டுச் சாதியைத்தான் சொல்கிறேன். குரலைத் தாழ்த்திச் சொல்ல இப்போது எனக்கு வரவே மாட்டேன் என்கிறது, மாமி.