சம்பந்தியும் நானும் பொறுக்கிய மாம்பழம்

என் செல்ல லூர்துவுக்கு,

என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகும் “அண்ணி” என்று கூப்பிட நீ விட்டதில்லை. “ஒரே பெஞ்சுல உக்காந்தவளுக்கு என்னடி அண்ணி?” என்று திட்டுவாய். அதனால் பெயரையே எழுதுகிறேன். நல்ல சேதி சொல்லத்தான் இந்தக் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் பிரீத்திக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை ஆண்டனி, பிரேசர் டவுன் பையன், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடுகிறது. உனக்குப் பிடித்திருக்கும்.

நிச்சயத் தட்டுக்குப் பழம் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இத்தனை வருஷம் மார்க்கெட்டுக்கு நாம் இருவரும்தான் போனோம். ஆனால் பழம் பார்த்தது நீ, பை தூக்கியது நான். நீ காம்பை முகரும்போதெல்லாம் நான் வளையல் கடையை வேடிக்கை பார்த்தேன். கொஞ்சமாவது கவனித்திருக்கக் கூடாதா?

என் பயம் உனக்குப் புரியும். ஒரு பழம் சரியில்லை என்றாலும், “அம்மா இருந்திருந்தா இப்படி ஆகுமா” என்று யாராவது பிரீத்தியின் காதுபடச் சொல்லிவிடுவார்கள். நீ போய் இரண்டு வருஷம் ஆகியும், அந்தப் பேச்சுக்கு மட்டும் அவள் முகம் வாடிவிடுகிறது.

சனிக்கிழமை காலை சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போனேன். பழக்கடை முன்னால் யார் நின்றது தெரியுமா? ஆண்டனியின் அம்மா ரோஸி! அவர்கள் வீட்டுத் தட்டுக்குப் பழம் வாங்க வந்திருக்கிறார். நழுவிவிடலாம் என்று நான் திரும்புவதற்குள் பார்த்துவிட்டார்.

“வாங்க சம்பந்தி, நீங்க மொதல்ல பாருங்க” என்றார்.

வேறு வழியில்லாமல் ஒரு பாதாமி மாம்பழத்தை எடுத்து, உன்னைப் போலவே காம்புப் பக்கம் முகர்ந்தேன். அவரும் ஒன்றை எடுத்து முகர்ந்தார். பிறகு அவர் ஒரு கிர்ணிப்பழத்தைக் காதருகே வைத்து ஆட்டினார். ஆட்டினால் என்ன தெரியும்? நானும் ஆட்டினேன். நான் பப்பாளியைத் தட்டினேன், அவரும் தட்டினார். கடைக்கார பாய் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தே செய்றீங்களேமா. பழத்த யார் பாக்கறது?”

ரோஸிதான் முதலில் உண்மையைச் சொன்னார். “எங்க வீட்ல பழமெல்லாம் அவர்தாங்க வாங்குவாரு. இப்ப முட்டி ஆபரேஷன் ஆகி நடக்க முடியல. நீங்க எடுக்கறதப் பாத்தே எடுத்துடலாம்னு நெனச்சேன்.”

“ஐயோ, நான் உங்களப் பாத்துதாங்க ஆட்டினேன்!”

மார்க்கெட் நடுவில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம், லூர்து. பாய் தலையில் அடித்துக்கொண்டார். “கிர்ணிய ஆட்டாதீங்க. காம்புக்கு எதிர்ப்பக்கம் மோந்து பாருங்க, இனிப்பா வாசன வரணும்” என்று தானே பொறுக்கித் தந்தார். மாம்பழத்தை மட்டும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நான் எடுத்தேன். ஒரு புள்ளிகூட இல்லாமல், முழுக்க ஒரே மஞ்சளாக மின்னிய பழங்கள். “அதுல வாசனையே இல்லியேம்மா” என்று பாய் பச்சை கலந்த பழங்களைக் காட்டினார். தட்டில் அழகாக இருக்குமே என்று நினைத்து அவர் பேச்சை நான் கேட்கவில்லை. நீ கூட இருந்திருந்தால் என் கையில் ஓர் அடி போட்டிருப்பாய்.

மறுநாள் ஃபாதர் ஜெபம் சொல்லி, மோதிரம் மாற்றி, எல்லாம் நன்றாகவே நடந்தது. சாப்பாடு முடிந்து மாம்பழம் நறுக்கினார்கள். வெளியே தங்கம், உள்ளே வெளிறிப்போய்க் கிடந்தது. வாயில் வைக்க முடியாத புளிப்பு. உன் பெரியம்மா மகள் ஜான்சி அக்கா விடுவாரா? “ம்ஹூம், லூர்து மட்டும் இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தார். பிரீத்தி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அதற்குள் ரோஸி எழுந்துவிட்டார். “அந்த மாம்பழத்த எடுத்தது நான்தாங்க. சம்பந்தி வேணாம்னுதான் சொன்னாங்க, நான்தான் கேக்கல” என்றார், ஹால் முழுக்கக் கேட்கும்படி. பிறகு பிரீத்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். “உங்கம்மா பிரமாதமா பழம் பாப்பாங்களாமே. எனக்கு அந்த வெவரமெல்லாம் கெடையாது கண்ணு. நம்ம வீட்ல மாமாவ நம்பித்தான் பழம் சாப்பிடணும்.”

உன் மகள் சிரித்துவிட்டாள். அந்தப் புளிப்புத் துண்டுகளில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, அவளும் ஆண்டனியுமாக ஒரு தட்டைக் காலி செய்தார்கள்.

பாத்திரங்களை எடுத்து வைக்கும்போது ரோஸியிடம் கேட்டேன். “ஏங்க அப்படிச் சொன்னீங்க?”

“அவ மொகத்தப் பாத்தேன்” என்றார். ஒரு பொய்க்காக ஒருவரை இவ்வளவு பிடித்துப்போகுமா, லூர்து?

மழைக்காலம் முடிந்ததும் கல்யாணம். அதற்கு முதல் நாள் பிரீத்தியை உன் கல்லறைக்கு அழைத்து வருகிறேன். ரோஸியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவள் அழுதால் அழட்டும், தடுக்க மாட்டேன். இனிமேல் யாராவது அவள் முகம் வாடும்படி வாய் திறந்தால், முதலில் எழுந்து நிற்பது நானாகத்தான் இருக்கும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பெஞ்சுக்காரி, உன் நாத்தனார்,
ஸ்டெல்லா