ஒரே பெயரில் இரண்டு பூட்டு

இன்று ஈப்போ கிளினிக்கில் அம்மாவுக்கு ரத்தம் எடுக்கப் போயிருந்தேன். தாதி புதுக் கையுறைப் பெட்டியைக் கிழித்தாள். அந்த ரப்பர் வாடை ஏறியதும் தாங்காமல் வாசலுக்கு வந்து நின்றுவிட்டேன். நீ போய் ஒரு வருடமாகிறது. இன்னமும் அந்த வாடையோடு ஜெலாப்பாங் கையுறை ஆலையும் நம் மேலாளரின் முகமும் சேர்ந்தே வருகின்றன.

நாம் அங்கே நிரல் எழுதிக்கொண்டிருந்த காலம். ஒரே கணினியில் இரண்டு நிரல்கள். ஒன்று, கையுறை வார்க்கும் கை அச்சுகள் தொங்கும் சங்கிலியை ஓட்டும். மற்றது, துப்புரவு செய்பவர் கையை உள்ளே விடுவதற்குச் சங்கிலியின் பக்கக் கதவைத் திறக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் கை போய்விடும். அதற்காகத்தான் நீ பூட்டு வைத்தாய். கணினியின் இயங்குதளம் வைத்திருக்கும் பூட்டு அது. ஒரு நிரல் அதைப் பிடித்திருக்கும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். தனித்தனி நிரல்கள் என்பதால் பூட்டுக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லியே இரண்டும் கேட்கும். கதவு திறந்தால் சங்கிலியை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்சும் வேண்டும் என்று கேட்டாய். “அப்புறம் பாத்துக்கலாம் லா” என்றார் மேலாளர்.

பிறகு, யாரும் உள்நுழையாமலே சங்கிலி நிரல் பின்னணியில் தானாக ஓட வேண்டும் என்றார். நீ தலையாட்டவில்லை.

“பின்னணில ஓடுற நிரல் தனி அறையில இருக்கற மாரி பாஸ். அங்க அந்தப் பேரச் சொன்னா அங்கயே புதுசா ஒரு பூட்டு உண்டாகிரும். பேரு ஒன்னு, பூட்டு ரெண்டு. கம்ப்யூட்டர் முழுசுக்கும் பொதுவான பேரா மாத்தணும். ஒரு நாள் லைன நிறுத்துங்க, சோதிச்சிட்டு ஓட்டலாம்.”

“பேரு ஒன்னுதானே? ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. நிறுத்த முடியாது.”

நீ மறுத்துவிட்டாய். அவர் வெளியாள் ஒருவனை வைத்து, பூட்டின் பெயரைத் தொடாமல், சங்கிலி நிரலை மட்டும் பின்னணிக்கு மாற்றிக்கொண்டார்.

அந்த வாரமே நேப்பாளத்துப் பிஷ்ணு துப்புரவு செய்யக் கதவுக்குள் கையை விட்டான். கதவு நிரலுக்குப் பூட்டு கிடைத்தது. சங்கிலி நிரலுக்கும் கிடைத்தது. சங்கிலி நகர்ந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர் கறிபாப் பலகாரம் தின்றுகொண்டிருந்தார். உதட்டில் துணுக்கு ஒட்டியிருந்தது. “பூட்டு எழுதுனது இந்தப் பொண்ணு. அது சரியில்ல. அவனுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு.”

“ஆஸ்பத்திரியிலேர்ந்தே இன்னும் வரல. அதுக்குள்ள டிக்கெட்டா?” என்றாய். அவர் அடுத்த கறிபாப்பை எடுத்தார். அந்த மெல்லும் வாய் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

நீ எழுந்தாய். நானும் எழுந்தேன். நேரே தொழிலாளர் அலுவலகம் போனோம். அங்கே உன் மடிக்கணினியைத் திறந்து, ஒன்றைப் பின்னணியில் வைத்து, இரண்டு நிரல்களையும் ஓட்டிக் காட்டினாய். மலாய்க்கார அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு, “டுவா-டுவா டாப்பாட்?” என்றார். ஆமாம், இரண்டுக்கும் கிடைத்துவிட்டது என்று தலையசைத்தாய். டிக்கெட் ரத்தானது. பிஷ்ணுவுக்கு இழப்பீடு வந்தது. கதவுக்குச் சுவிட்சும் வந்தது. நம் இருவருக்கும் வேலை போயிற்று. மேலாளருக்குப் பெரிய பதவி.

டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோது அவர் உன் வீட்டுக்கே வந்தார். ஆலையின் பெயர் எழுதிய பெரிய மலர் வளையம். “எங்க குடும்பத்துல ஒருத்தி மாரி லா” என்று உன் அண்ணனிடம் சொல்லிவிட்டு, வளையத்தின் பக்கத்தில் நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வளையத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தியிருந்த அவர் காடியின் மேல் வைத்தேன்.

“என்னாம்மா இது, செத்த வீட்டுல?”

“செத்த வீடுங்கறதாலதான் பாஸ் மெதுவா சொல்றேன். கெளம்புங்க.”

உன் அண்ணன் தடுக்கவில்லை. அவர் வளையத்தைப் பின்னிருக்கையில் திணித்துக்கொண்டு போனார்.

இப்போது வேறு ஆலையில் வேலை. யார் என்ன நிரல் கொண்டுவந்தாலும், ஒன்று பூட்டைப் பிடித்திருக்க, மற்றது நிஜமாகவே காத்து நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. “இவ்ளோ சந்தேகமா அக்கா?” என்று கேட்கிறார்கள். சந்தேகமில்லை, அருவருப்பு. காலம் போனால் எல்லாம் ஆறிவிடும் என்கிறார்கள். உன்னை இழந்த துக்கம் ஆறினால் ஆறட்டும். இந்த அருவருப்பை மட்டும் நான் ஆறவிட மாட்டேன்.