நீங்கள் ஓட்டாமல் விட்ட ரீல்

என் ஆபரேட்டர் அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன், அதுவும் கோபத்தில்தான் எழுதுகிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

நமக்குப் பிடித்த அந்தச் சண்டைப்படம் நினைவிருக்கிறதா? கைதிகள் முகாமுக்கு அடியில் சுரங்கம் தோண்டித் தப்பிக்கிற இங்கிலீஷ் படம். கம்பத்தில் நீங்கள் படம் ஓட்டிய தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாக வரும். கூடலூரிலிருந்து செல்வி அக்காவையும் என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போய் ஆபரேட்டர் ரூமிலேயே உட்காரவைப்பீர்கள். கடைசி ஆள் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து காட்டுக்குள் ஓடியதும் படம் முடிந்ததென்று திரையில் வணக்கம் ஸ்லைடு விழும். "அம்புட்டுப் பேரும் தப்பிச்சுட்டாக" என்று சொல்லும்போது உங்களுக்குக் கண் கலங்கியிருக்கும். படம் அவ்வளவுதான் என்று இருபது வருஷம் நம்பினோம்.

போன வாரம் தேனியில் அதன் டிவிடி கிடைத்தது. அக்கா, புருஷன் வீட்டிலிருந்து வந்து நாலு நாள் ஆகியிருந்தது. யாரிடமும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. பழைய படத்தைப் பார்த்தாலாவது முகம் தெளியுமா என்று போட்டேன்.

கைதி காட்டுக்குள் ஓடினான். படம் முடியவில்லை, அப்பா. இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. ஒரு விவசாயி அவனை வீட்டுக்குள் கூப்பிட்டு ரொட்டியும் பாலும் கொடுக்கிறார். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முகாமுக்கு ஆள் அனுப்பிவிடுகிறார். தப்பித்த எல்லோரையும் அப்படித்தான் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொண்டுவந்து வேலியோரம் நிறுத்திச் சுடுகிறார்கள்.

"சோறு போட்டுத்தான்டா பிடிச்சுக் குடுக்குறான்" என்றாள் அக்கா. நாலு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

மேட்னிக்கு நேரமாகிறது, நீளமான படம், கடைசி ரீலை ஓட்டாதே என்று முதலாளி சொல்லியிருப்பார். அது புரிகிறது. ஆனால் நீங்கள் அந்த ரீலைப் பார்த்தவர்தானே? தப்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று தெரிந்துமா அக்காவை மூன்று தடவை கடமலைக்குண்டுக்கு, அந்தப் புருஷன் வீட்டுக்கே திருப்பி அனுப்பினீர்கள்?

அவள் அடிபட்டு வந்த ஒவ்வொரு தடவையும் நம் வீட்டில் பலகாரம் சுட்டோம். ஓடிவந்தவள் என்று தெரு பேசிவிடக் கூடாது, விருந்துக்கு வந்த பெண் திரும்பிப் போவதாகத் தெரிய வேண்டும். "பொறந்த வீட்டுக்கு வந்த பிள்ள வெறுங்கையோட போகக் கூடாது" என்று தூக்குச்சட்டி நிறைய அதிரசம் வைத்துக் கொடுத்தீர்கள். எந்த நாட்டுக்காரனுக்கோ கண் கலங்கிய மனிதர் நீங்கள். பெற்ற மகளின் வீங்கிய கன்னத்தை ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை? மூன்றாவது தடவை போனபோது அவன் அறைந்ததில் அவளுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. அது தெரிந்துதான் செத்தீர்களா?

நேற்று அம்மா அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டாள்.

"ஞாயித்துக்கிழம மாப்ள வீட்டாளுக வாராக. அப்பா இருந்திருந்தா அவுகளே அனுப்பி வச்சிருப்பாக. நீ கூடப் போயிட்டு வந்துருய்யா."

"ஒரு காது போனது பத்தலையா ஆத்தா?" என்று கேட்டேன். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான், அப்பா. அனுப்பியது நீங்கள். தேனியில் பஸ் மாறி, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துபோய், அந்த வாசலில் விட்டுவிட்டு வந்தது மூன்று தடவையும் நான். கடைசித் தடவை, "இன்னைக்கு ஒரு நாளாச்சும் இங்கன இருடா" என்று என் கையைப் பிடித்தாள். பஸ் போய்விடும் என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரட்டும். "அக்கா வராது மச்சான்" என்று வாசலிலேயே வைத்துச் சொல்வேன். ஏன் வராது என்பதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்வேன். ஊர் பேசும், உங்கள் பெயரும் சேர்ந்து அடிபடும். நான் மறிக்கப் போவதில்லை. இனி எவன் வந்து கூப்பிட்டாலும் அவளை நான் கொண்டுபோய் விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மகன் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

இப்படிக்கு,
செல்வியின் தம்பி