பார்வைக்கு மட்டுமென்று கயிறு கட்டிய தண்ணீர்ப் பானை

அனுப்புநர்:
சீபான் கம்மூன்,
குதிரை வண்டி நிறுத்தத்தை அடுத்த தேக்கு வீடு,
வாங் ஆற்றங்கரை, லம்பாங், தாய்லாந்து.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆற்றங்கரைக் காட்சி இடங்கள் குழு,
லம்பாங்.

பொருள்: என் வாசல் தண்ணீர்ப் பானையைக் காட்சிப் பட்டியலிலிருந்து நீக்கக் கோருதல், கயிற்றை நானே அறுத்துவிட்டதைத் தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருவில் வாசலில் சிறு கூரை போட்டு, அதன்கீழ் பானையும் சிரட்டை அகப்பையும் வைப்போம். வழிப்போக்கர் யாரும் கேட்காமலே மொண்டு குடிக்கலாம். தங்கள் குழு சென்ற மாதம் என் பானையைப் பயணிகள் வரைபடத்தில் சேர்த்து, சுற்றிலும் கயிறு கட்டி, "இருநூறு ஆண்டுப் பழமை. பார்வைக்கு மட்டும். தொடாதீர்" என்று பலகையும் நட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. பழமை குறித்து: இந்தப் பானையைப் போன மழைக்காலத்தில்தான் சந்தையில் வாங்கினேன். முந்தையதை ஒரு வண்டிக்குதிரை உதைத்து உடைத்தது.

3. லாட்டரிச் சீட்டு விற்கும் இன்சோன் அவர்களுக்குக் கண் தெரியாது. பல வருடமாக என் வாசலில்தான் தாகம் தீர்ப்பார். சென்ற வாரம் உச்சி வெயிலில் அவர் அகப்பைக்குக் கை நீட்டியபோது தங்கள் காவலாளி, "பெரியவரே, கையை எடுங்க! அது பாக்குறதுக்கு மட்டுந்தான். பலகையைப் படிக்கலையா?" என்று அதட்டினார். "பாக்கத்தான் எனக்குக் கொடுத்து வைக்கலையே தம்பி, ஒரு வாய் குடிச்சுட்டுப் போயிடுறேன்" என்றார் இன்சோன். காவலாளி விடவில்லை. பாலத்தருகே அவர் மயங்கி விழ, வண்டிக்காரர்கள் தூக்கினார்கள். இப்போது தேறிவிட்டார். ஆனால் என் வீட்டைத் தாண்டும்போது எதிர்ப்பக்கமாகவே போகிறார். நான் கூப்பிட்டும் வருவதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

4. எனவே கயிற்றைக் காய்கறிக் கத்தியால் அறுத்தேன். பலகை இப்போது பானைக்கு மூடி. தூசி விழாமல் நன்றாகவே காக்கிறது. புராதனப் பொருளுக்குச் சேதம் விளைவித்ததாக அபராத அறிவிப்பு வந்தது. கட்ட மாட்டேன். மறுபடி கயிறு கட்டினால் மறுபடி அறுப்பேன்.

என் பானையை வரைபடத்திலிருந்து எடுத்துவிடவும். அத்துடன், தாங்களே நேரில் வந்து, இன்சோன் அவர்களைக் கைப்பிடித்து இந்தப் பக்கம் அழைத்துவர வேண்டும். இதற்குக் குறைந்த எதற்கும் நான் சம்மதியேன். வெயிலில் வருவீர்கள். முதலில் தண்ணீர் குடியுங்கள், அபராதத்தைப் பிறகு பேசலாம். யார், எவர் என்று விசாரித்துத் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் என் வாசலில் இல்லை.

இடம்: லம்பாங்
நாள்: புத்த ஆண்டு 2566, ஏப்ரல் 10

இப்படிக்கு,
பானைக்கு உரியவள்,
(ஒப்பம்) சீபான் கம்மூன்